தூங்கும் குழந்தையை யார் பார்ப்பது?

தமிழ்த் தாலாட்டைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி தாயின் குரலைப் பற்றியது. தாய்மாமன் பெருமை, பிறந்த வீட்டுச் சீர், பிள்ளையில்லாமல் பட்ட வசவு, தவமிருந்து பெற்ற பிள்ளை என்று அதன் பொருள்களை வகைபிரித்து வைத்திருக்கிறோம். நான் கேட்க விரும்புவது வேறு ஒன்று. பாட்டு முடிந்து, குழந்தை தூங்கிய பிறகு என்ன நடக்கிறது? அவள் எங்கே போகிறாள்? அவள் போன பிறகு அந்தத் தூக்கத்துக்குக் காவல் யார்?

தாலாட்டு இந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்வதில்லை. ஆனால் மறைமுகமாகச் சொல்கிறது. அழுகிற பிள்ளையிடம் யார் அடித்தது என்று கேட்டு, பாட்டி, அத்தை, மாமன், அண்ணி என்று உறவுகளை வரிசையாகச் சந்தேகிக்கும் தாலாட்டு எல்லோருக்கும் தெரிந்தது. அதைச் செல்லமான வம்பாகவே வாசித்துப் பழகியிருக்கிறோம். குழந்தைப் பராமரிப்பு என்ற கோணத்திலிருந்து வாசித்தால் அது ஒரு பணிப்பட்டியல். தாய் வயலுக்கோ கடைக்கோ போயிருந்தபோது குழந்தை யார் யாரிடம் இருந்திருக்கும் என்பதைத்தான் அந்த வரிசை சொல்கிறது. அடித்திருக்கக்கூடியவர்கள் என்று பாட்டு சந்தேகிப்பவர்கள், குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தவர்கள். பட்டியலில் கூலி வாங்கியவர் யாரும் இல்லை. அரசு இல்லை. முதலாளி இல்லை. பெரும்பாலான பாட்டுகளில் அப்பாவும் இல்லை.

இந்தப் பட்டியல் எந்த இடத்தில் செல்லாமல் போகிறது என்று பார்க்க வடசென்னையைவிட நல்ல இடம் கிடையாது. இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர் என்று கடலோரமாக நீளும் இந்தப் பகுதியில் பெண்களின் வேலைநேரம் சூரியனைக் கேட்டு நடப்பதில்லை. காசிமேட்டு ஏலம் விடியும் முன்பே தொடங்கிவிடும். மீன் வாங்கிக் கூடையில் ஏற்றித் தெருத்தெருவாக விற்கும் பெண் அதற்கும் முன்பே எழுந்திருக்க வேண்டும். தூய்மைப் பணியாளர் காலை ஆறு மணிக்கு வருகைப் பதிவில் நிற்க வேண்டும். ஆலைகளில் ஒப்பந்தக் கூலியாகப் போகிறவருக்கு ஷிப்டு. வீட்டுவேலைக்குப் போகிறவர் அந்த வீட்டார் எழும் முன் போய்ச் சேர வேண்டும். இவர்கள் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது குழந்தை தூங்கிக்கொண்டிருக்கிறது. ஒன்பது மணிக்கு மேல் திறக்கும் பால்வாடி அந்தத் தூக்கத்தைப் பார்த்ததே இல்லை.

தூளியும் தலைப்புச் செய்தியும்

குழந்தையின் தூக்கத்தைப் பற்றி மருத்துவம் இன்று சொல்வது மிக எளியது. ஒரு வயதுவரை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். படுக்கை சமமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். தலையணை, கனத்த போர்வை, பஞ்சுப் பொம்மை எதுவும் பக்கத்தில் கூடாது. முகம் மூடியிருக்கக் கூடாது. உடம்பு அதிகம் சூடாகக் கூடாது. புகை கூடாது. அமெரிக்காவில் 1992இல் குழந்தைநல மருத்துவர் சங்கம் மல்லாக்கவோ ஒருக்களித்தோ படுக்க வைக்கச் சொன்னது. 1994இல் அது நாடு தழுவிய இயக்கமானது. அடுத்த பத்தாண்டுக்குள் அங்கே காரணம் தெரியாத திடீர்க் குழந்தை மரணங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. மருந்து இல்லை, கருவி இல்லை. படுக்க வைக்கும் முறை மாறியது, அவ்வளவுதான்.

இந்த அறிவுரையைக் கையில் வைத்துக்கொண்டு நம் தூளியைப் பார்த்தால் அது எல்லா விதிகளையும் மீறுகிறது. பழைய புடவையில் கட்டிய தூளியில் குழந்தையின் முதுகு வளைகிறது, தாடை நெஞ்சில் முட்டுகிறது, துணி இருபுறமும் முகத்தை நெருங்குகிறது. தலை நிற்காத குழந்தைக்கு மூச்சுப்பாதை மடங்குவதற்கு அது போதும். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் அதில் சுற்றி விளையாடும்போது துணி முறுக்கிக் கழுத்தை இறுக்கிய செய்திகள் நம் நாளிதழ்களில் அடிக்கடி வருகின்றன.

ஆனாலும் தூளியை அறியாமையின் சின்னமாக்கும் பேச்சோடு எனக்கு உடன்பாடில்லை. பத்துக்குப் பத்து அறையில், மழை வந்தால் தண்ணீர் ஏறும் தரையில், எலியும் எறும்பும் ஓடும் இடத்தில், குழந்தையைத் தரையிலிருந்து தூக்கி வைக்க ஓர் ஏழைப் பெண் தன் புடவையாலேயே செய்துகொண்ட கருவி அது. அடுப்பில் ஒரு கையும் தூளியில் ஒரு கையுமாக அவள் இரண்டு வேலை செய்ய அது உதவியது. தூளியில் காற்றோட்டத்துக்காகத் துணியை விரித்துப் பிடிக்கக் கட்டை செருகுவதும், குழந்தை கண்ணயர்ந்ததும் எடுத்துப் பாயில் கிடத்துவதும் பாட்டிமார் அறிந்தவைதான். தூளி ஓரளவுக்காவது பாதுகாப்பாக இருந்தது பக்கத்தில் ஓர் ஆள் இருந்ததால். ஆள் போய்த் தூளி மட்டும் மிஞ்சியபோதுதான் அது ஆபத்தானது.

அந்த ஆள் யார் என்று பார்த்தால் பெரும்பாலும் எட்டு வயதோ பத்து வயதோ ஆன அக்கா. தம்பி தூங்கும் நேரமெல்லாம் அவளுடைய பள்ளி நேரம். நம் ஊரில் பெண் கல்வியைப் பற்றிப் பேசும்போது தூளிக் கயிறு அவள் கையிலிருந்ததைச் சேர்த்துப் பேசுவது குறைவு.

நாளிதழ்கள் வேறு மொழி பேசுகின்றன. தூக்கத்தில் குழந்தை இறந்தால் தாய்ப்பால் குடித்த குழந்தை மூச்சுத் திணறிப் பலி என்ற வகையில் தலைப்பு வருகிறது. பால் புரையேறியது என்கிறார்கள். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் குழந்தை எதன்மேல் படுத்திருந்தது, குப்புறவா மல்லாக்கவா, அறையில் எத்தனை பேர், கொசுவத்திப் புகை இருந்ததா, தாய் எத்தனை மணி நேரம் தூங்காமல் இருந்தாள் என்ற கேள்விகளைச் செய்தி கேட்பதில்லை. அந்தத் தலைப்பைப் படிப்பவர் மனதில் நிற்பது ஒரு தாயின் பால், ஒரு சாவு. பழி அங்கேயே தங்கிவிடுகிறது.

அமைதியான குழந்தை நல்ல குழந்தை என்ற எண்ணத்துக்கும் நீண்ட வரலாறு உண்டு. 1920களின் தொடக்கத்தில் பம்பாய் ஆலைத் தொழிலாளப் பெண்களின் பிரசவ நிலையை அரசுக்காக ஆராய்ந்த டாக்டர் பார்ன்ஸ் என்ற பெண் மருத்துவர், ஆலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளுக்கு அபின் கொடுத்துத் தூங்கவைக்கும் வழக்கம் மிகப் பரவலாக இருந்ததைப் பதிவு செய்தார். வேலைக்குப் போகும் தாய்க்குக் காப்பகம் இல்லை. எனவே குழந்தையை மயக்கத்தில் விட்டுப் போனாள். அபின் போய்விட்டது. தூக்கம் வரட்டும் என்று சளி மருந்தைக் கூடுதலாக ஒரு மூடி ஊற்றும் பழக்கம் போய்விட்டதா என்று மருந்துக்கடைக்காரர்களிடம் கேட்டுப் பார்க்கலாம்.

சட்டம் எண்ணும் பெண்கள்

இந்தியச் சட்டத்தில் தொட்டிலுக்கு இடம் உண்டு. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 48ஆம் பிரிவு, குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் பெண்கள் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தனி அறை வேண்டும் என்றது. முதலில் 50 பெண்கள். 1976இல் அது 30 ஆனது. இதன்கீழ் மாநிலங்கள் எழுதிய விதிகளில் குழந்தை ஒவ்வொன்றுக்கும் படுக்கையுடன் ஒரு தொட்டில் அல்லது கட்டில், தாய் பால்கொடுக்க உட்கார ஒரு நாற்காலி, ஓடி விளையாட நிழலான இடம் என்று எழுதியிருக்கிறது. பிள்ளைக்கு ஒரு தொட்டில் என்பது சின்ன விஷயமில்லை. ஒரே பாயில் ஐந்து குழந்தைகளைக் கிடத்தக் கூடாது என்று 70 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு விதி நினைத்திருக்கிறது.

ஆனால் இந்தச் சட்டத்தை ஒரு பிரதியாக வாசித்தால் அது யாரை எண்ணுகிறது என்பது தெரியும். தோட்டத் தொழிலாளர் சட்டம் (1951), பீடித் தொழிலாளர் சட்டம் (1966), கட்டுமானத் தொழிலாளர் சட்டம் (1996) என்று எதை எடுத்தாலும் எண்ணப்பட்டது பெண் தொழிலாளர். ஆயிரம் ஆண்கள் வேலை செய்யும் ஆலையில் ஒரு தொட்டில்கூட வேண்டியிருக்கவில்லை. அந்த ஆயிரம் பேருக்கும் பிள்ளைகள் உண்டு என்பது சட்டத்தின் கண்ணில் படவில்லை. பெண்ணை எடுத்தால் தொட்டில் வைக்க வேண்டும், ஆணை எடுத்தால் வேண்டாம் என்றால், முதலாளி யாரை எடுப்பார் என்று கேட்கவே தேவையில்லை. துறைமுகமும் கனரக ஆலைகளும் நிறைந்த வடசென்னையில் நிரந்தர வேலை பெரும்பாலும் ஆணுக்குப் போனது; பெண்ணுக்குக் கிடைத்தது தெருவும், ஒப்பந்தமும், அடுத்தவர் வீடும். அந்த இடங்களில் 48ஆம் பிரிவு நுழைந்ததே இல்லை.

2017இல் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்டபோது இந்த எண்ணும் முறை மாறியது. ஆணோ பெண்ணோ, 50 ஊழியர்கள் இருந்தால் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றது திருத்தம். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 50 என்ற எண்ணையே கொண்டிருக்கின்றன. பெண்ணை மட்டும் எண்ணாதது முன்னேற்றம்தான். ஆனால் நான்கு முறை போய்ப் பார்க்கும் உரிமை இன்னும் தாய்க்கு மட்டும்தான். 50 பேர் சேர்ந்து வேலை செய்யும் ஓர் இடம் வேண்டும் என்ற நிபந்தனையும் அப்படியே இருக்கிறது. மீன்கூடைக்காரிக்கு 50 சக ஊழியர்கள் இருக்கிறார்கள்; ஆனால் அவர்களுக்கு ஒரு முதலாளி இல்லை. வீட்டுவேலை செய்பவருக்கு நான்கு முதலாளிகள் இருக்கிறார்கள்; ஒருவரும் 50 பேரை வைத்திருக்கவில்லை.

இடைவெளியைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். தமிழ்நாடு அரசு ஊழியருக்கு 2021 முதல் 12 மாத மகப்பேறு விடுப்பு. அமைப்புசார் தனியார் துறையில் 26 வாரம். அமைப்புசாராப் பெண்ணுக்கு விடுப்பு என்பது கூலி இல்லாத நாள், ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் பெற்றுவிட்டு வீடு திரும்பியவர் சில வாரங்களில் வேலைக்குப் போயாக வேண்டியிருக்கும். தமிழ்நாட்டில் அங்கன்வாடி மையம் குழந்தையைச் சேர்த்துக்கொள்வது 2 வயதுக்கு மேல். அதுவரை மாதாமாதம் சத்துமாவு வரும். அதாவது, தூக்கத்தில் மூச்சு நின்றுபோகும் ஆபத்து அதிகமாக இருக்கும் முதல் ஆண்டில் அரசு ஏழைக் குழந்தைக்குத் தருவது மாவு. கண்காணிக்கும் கண் இல்லை.

தொட்டில் என்ற சொல்லைத் தமிழ்நாட்டு அரசு அறியாததல்ல. 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் தொடங்கியது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க, வளர்க்க முடியாத குழந்தையை இங்கே விட்டுவிட்டுப் போங்கள் என்றது அது. அதன் தேவையை நான் மறுக்கவில்லை. ஆனாலும் ஓர் ஒப்பீட்டைத் தவிர்க்க முடியவில்லை. குழந்தையை ஒரேயடியாக விட்டுப்போகத் தொட்டில் வைக்க முடிந்த அரசுக்கு, எட்டு மணி நேரம் விட்டுவிட்டுத் திரும்பி வந்து தூக்கிக்கொள்ளத் தெருவுக்கொரு தொட்டில் வைக்க முடியவில்லை. ஒன்றிய அரசு 2022இல் தேசியக் குழந்தைகள் காப்பகத் திட்டத்துக்குப் பால்னா என்று பெயர் மாற்றியது. இந்தியில் அதற்குத் தொட்டில் என்று பொருள். அங்கன்வாடியோடு சேர்ந்த 17,000 காப்பகங்கள் என்பது நாடு முழுமைக்குமான இலக்கு. தமிழ்நாட்டில் மட்டும் 54,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன என்பதை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

பழைய காப்பகத் திட்டத்தின் ஆவணத்தில் ஒரு நல்ல வரிசை இருந்தது. மையம் தர வேண்டிய சேவைகளில் உறங்கும் வசதியுடன் கூடிய பகல்நேரப் பராமரிப்பு முதலில் வந்தது; கல்வி, உணவு, எடை பார்ப்பது எல்லாம் பிறகுதான். தூக்கம் ஒரு சேவை என்று அரசு எழுதிவைத்த அபூர்வமான இடம் அது. அந்த ஏழரை மணி நேரச் சேவைக்கு 2017இன் வழிகாட்டுதலில் பணியாளருக்கு மாதம் 3,000 ரூபாய், உதவியாளருக்கு 1,500 ரூபாய். ஆவணத்தை வரிசைப்படி வாசிப்பவர் முதல் பக்கத்தில் மகிழ்ந்து கடைசிப் பக்கத்தில் நின்றுபோவார்.

பால்வாடியின் மதியம்

திருவொற்றியூர்ப் பக்கம் அங்கன்வாடி என்று யாரும் சொல்வதில்லை, பால்வாடிதான். மதியம் கலவை சாதமும் முட்டையும் முடிந்து பிள்ளைகளைப் பாயில் படுக்க வைப்பார்கள். நான் பார்த்த மையங்களில் ஓர் அறைதான் எல்லாம். காலையில் வகுப்பு, மதியம் சாப்பாடு, பிறகு படுக்கை. ஒரு சுவருக்கு அப்பால் அடுப்பும் எரிவாயு உருளையும். மின்விசிறி எல்லோருக்கும் எட்டாது. ஜன்னலைத் திறந்தால் கொசுவும் லாரிப் புழுதியும், மூடினால் புழுக்கம்.

இந்த ஒரு மணி, ஒன்றரை மணி நேரம்தான் பணியாளருக்கும் கிடைக்கிற ஓய்வு என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் அது பதிவேட்டின் நேரம். 2021 முதல் போஷன் டிராக்கர் செயலியில் வருகை, எடை, உயரம், பயனாளி விவரம் எல்லாம் ஏற்ற வேண்டும். 2025 ஜூலை முதல் வீட்டுக்குக் கொடுக்கும் சத்துணவுக்குப் பயனாளியின் முக அடையாளமும் சேர்ந்துகொண்டது. தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி நிலை அலுவலர் வேலையும் பலருக்கு உண்டு. பிள்ளைகள் விழித்திருக்கும்போது செயலியைத் தொட முடியாது. எனவே அவர்கள் தூங்கும்போது டீச்சரின் கண் திரையில் இருக்கிறது. குழந்தைகளைப் பற்றிய தகவலை அரசுக்கு அனுப்புவதற்காகக் குழந்தைகளிடமிருந்து கண்ணை எடுக்க வேண்டியிருக்கிறது. தூங்குகிற பிள்ளையைப் பார்த்துக்கொள்வது வேலை என்று யாரும் எண்ணாததால்தான் இது சாத்தியமாகிறது.

பிற நாடுகள் இதைக் கசப்பான வழியில் கற்றன. 2022இல் இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட் பகுதியில் ஒரு காப்பகத்தில் ஒன்பது மாதக் குழந்தையை இறுகச் சுற்றி, பீன்பேக் மெத்தையில் குப்புறக் கட்டி, ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் விட்டதில் குழந்தை இறந்தது. ஊழியருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. ஆஸ்திரேலியாவில் 2023 அக்டோபர் முதல் ஒவ்வொரு குழந்தைப் பராமரிப்பு நிறுவனமும் தூக்கத்துக்கும் ஓய்வுக்கும் எழுத்து வடிவில் கொள்கையும் இடர் மதிப்பீடும் வைத்திருக்க வேண்டும் என்று விதி வந்தது. தூங்கும் குழந்தையை எத்தனை முறை போய்ப் பார்ப்பது, எப்படி மூச்சைக் கவனிப்பது, ஒருவருக்கு எத்தனை குழந்தைகள் என்பதெல்லாம் அங்கே நிர்வாகத்தின் பொறுப்பு. தனியொரு பெண்ணின் மனசாட்சிக்கு அதை விட்டுவிடவில்லை.

மையத்தின் உதவியாளரை நாம் அழைக்கும் சொல்லையும் கவனிக்க வேண்டும். ஆயா. வடசென்னையில் பாட்டிக்கும் அதே சொல். தாலாட்டின் உறவுப்பட்டியலில் இருந்த பாட்டியைச் சம்பளம் தரும் பதவியாக அரசு மாற்றியது. ஆனால் பாட்டிக்கு யாராவது கூலி தருவார்களா என்ற நினைப்பையும் கூடவே எடுத்துக்கொண்டது. அங்கன்வாடிப் பணியாளரையும் உதவியாளரையும் மதிப்பூதியம் பெறும் தன்னார்வலர் என்றே ஒன்றிய அரசு வெகுகாலம் சொல்லி வந்தது. அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2022 ஏப்ரலில்தான். இத்திட்டம் தொடங்கியது 1975 அக்டோபர் 2. நடுவில் 46 ஆண்டுகள்.

எண்ணூரின் இரவு

இதுவரை சொன்னதெல்லாம் நான்கு சுவருக்குள் இருக்கும் தூக்கம். எண்ணூரில் ஆபத்து சுவருக்கு வெளியிலிருந்து வருகிறது.

2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, கப்பலிலிருந்து கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் பகுதி மக்கள் மூச்சு முட்டி, கண் எரிந்து எழுந்தார்கள். தூங்கும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அதே மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய் முகத்துவாரத்தில் படிந்திருந்தது. 2024 அக்டோபரில் திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் வாயு நெடியால் மாணவிகள் மயங்கி விழுந்தார்கள்.

பாதுகாப்பான தூக்கத்துக்கான எந்தக் கையேட்டிலும் அம்மோனியா வராது. மல்லாக்கப் படுக்க வை, புகை பிடிக்காதே, ஜன்னலைத் திற என்று அது தாயிடம் பேசும். எண்ணூரில் ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதைத் தாய் தீர்மானிப்பதில்லை. குழாயும் புகைபோக்கியும் தீர்மானிக்கின்றன. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த தரையைத் துடைத்து அதன்மேல் பாய் விரிக்கும் பெண்ணுக்குச் சுத்தம் பற்றிப் பாடம் நடத்துவதில் அர்த்தமில்லை. தாயிடம் மட்டும் பேசும் எந்தப் பாதுகாப்பு அறிவுரையையும் நான் சந்தேகத்தோடுதான் வாசிக்கிறேன். அறிவுரை தவறு என்பதால் அல்ல. கேட்க வேண்டியவர்களில் பாதிப் பேர் அந்த அறையில் இல்லை என்பதால்.

அபாயச் சங்கு அடித்தால் தூங்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகளை யார் எப்படி எந்தத் திசையில் கொண்டுபோவது என்று இந்தப் பகுதியின் ஒவ்வொரு பால்வாடிக்கும் ஒரு திட்டம் வேண்டும். நடக்கத் தெரிந்த பிள்ளையை விரட்டிக்கொண்டு போகலாம். தூங்கும் பிள்ளையைத் தூக்கத்தான் வேண்டும். ஒரு டீச்சரும் ஓர் ஆயாவும் சேர்ந்து நான்கு கைகள்.

தூங்காத தாய்

மீனா சுவாமிநாதன் தன் வாழ்நாள் முழுவதும் ஒரு விஷயத்தை வலியுறுத்தினார். குழந்தைப் பராமரிப்பைக் குழந்தையின் நலனாக மட்டும் பார்த்தால் தாய் மறைந்துபோகிறாள்; பெண்ணின் வேலையாக மட்டும் பார்த்தால் குழந்தை மறைந்துபோகிறது; இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1980களின் கடைசியில் உருவான ஃபோர்சஸ் கூட்டமைப்பும், அதன் தமிழ்நாட்டுக் கிளையும் இதைத்தான் பேசின. ஆனாலும் நம் பெண்ணிய விவாதங்களில் காப்பகம் இன்னும் ஓரத்திலேயே இருக்கிறது. உடல், பாலியல், மொழி பற்றி எழுதிய அளவுக்குப் பாய், தொட்டில், ஷிப்டு பற்றி நாம் எழுதவில்லை. அலுவலகம் போகும் பெண்ணின் குற்றவுணர்வைப் பற்றிக் கதைகள் உண்டு. அவள் வீட்டுக் குழந்தையைத் தூங்கவைக்க வந்தவளின் குழந்தை அப்போது எங்கே தூங்கியது என்று கேட்கும் கதைகள் குறைவு.

2025 ஆகஸ்டில் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன்பு 13 நாட்கள் அமர்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் தலித்துகள். நகரம் தூங்கி எழும் முன் அதைக் கூட்டிவைப்பவர்கள் நடைபாதையில் தூங்கினார்கள். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. மறுநாள் அரசு அவர்களுக்காக ஆறு திட்டங்களை அறிவித்தது. காலை உணவு, காப்பீடு, வீடு, தொழில்கடன், பிள்ளைகளின் கல்வி உதவி, தொழில்சார் நோய்ச் சிகிச்சை. விடியற்காலை ஆறு மணிக்கு வேலைக்கு வரும் பெண்ணின் கைக்குழந்தைக்கு ஓர் இடம் என்பது அந்த ஆறில் இல்லை. படிக்கும் வயதுப் பிள்ளை அரசின் கண்ணில் படுகிறது. தூங்கும் வயதுப் பிள்ளை படவில்லை.

எனவே கேட்க வேண்டியவற்றைத் தெளிவாகவே சொல்லிவிடலாம். ஆறு மாதம் முடிந்த குழந்தையைச் சேர்க்கும் காப்பகம் ஒவ்வொரு வார்டிலும் வேண்டும். காசிமேட்டில் அது அதிகாலை மூன்று மணிக்குத் திறக்க வேண்டும். மாநகராட்சிப் பணியாளர்கள் கூடும் இடங்களில் ஐந்தரைக்கு. கைக்குழந்தைகளுக்கு ஒவ்வொன்றுக்கும் தனியாகச் சமமான கெட்டிப் படுக்கை. தூளியில் ஆட்டினாலும், தூங்கியதும் எடுத்து மல்லாக்கக் கிடத்தும் பழக்கத்தைப் பயிற்சியாகவே தர வேண்டும். பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் ஒருவருக்கு அவர்களைப் பார்ப்பது மட்டுமே வேலையாக இருக்க வேண்டும். அந்த நேரத்தில் செயலி கூடாது. பதிவேட்டுக்கு வேறு நேரம், வேறு ஆள், வேறு கூலி. பணியாளருக்கும் ஆயாவுக்கும் ஊதியமும் முறைவைத்த ஓய்வும். இதற்கான பணத்தில் ஒரு பங்கைத் துறைமுகங்களும் ஆலைகளும் தர வேண்டும். அவர்கள் வாசலில் 50 பெண்கள் இருக்கிறார்களா என்று எண்ணாமல்.

இவற்றில் ஒன்றுகூடப் புதிய கண்டுபிடிப்பு இல்லை. தொட்டிலும் படுக்கையும் 1948 சட்டத்தின் விதிகளிலேயே இருந்தன, தூக்கம் ஒரு சேவை என்பது திட்ட ஆவணத்தில் இருக்கிறது, மல்லாக்கப் படுக்க வைக்கக் காசு செலவில்லை. இல்லாதது ஆள். அந்த ஆளுக்குக் கூலி தர யாரும் ஒப்புக்கொள்ளாததால் அந்த இடத்தில் இன்றும் ஒரு பாட்டியோ, பள்ளிக்குப் போகாத ஓர் அக்காவோ உட்கார்ந்திருக்கிறார். அடுத்த மாநகராட்சி நிதிநிலை அறிக்கை வரும்போது நாம் முதலில் தேட வேண்டிய வரி, அவர் இடத்தில் யாரைச் சம்பளத்துக்கு வைக்கப்போகிறார்கள் என்பது.